கம்பெனிப் பொருத்தம்

டமார்.

காரின் முன்பக்க மூடியில் விழுந்த பொருளைப் பார்த்ததும், யாரோ ஒரு பெரிய நண்டைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றுதான் ஆதிரைக்கு முதலில் தோன்றியது. ஆறு கால்கள். நடுவில் உருண்டையாக ஒரு வயிறு. ஒரு கால் மட்டும் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. சற்றுத் தாமதமாக, நண்டைத் தொடர்ந்து ஒரு குலை இளநீரும் வந்து விழுந்தது.

“மோதல் நிகழ்ந்துள்ளது. பதற வேண்டாம்” என்று அறிவித்துவிட்டு, ஓட்டுநரில்லாத அந்தக் கார் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது.

சின்னவேடம்பட்டிப் பட்டறையின் கதவைத் திறந்துகொண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை கிரீஸ். அவன் காரைப் பார்க்கவில்லை, காருக்குள் இருந்தவளையும் பார்க்கவில்லை. அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தான்.

“ரெண்டாவது கிளாம்ப் நழுவிருச்சு” என்றான்.

“நழுவலீங்க தரணி. நீங்க கை வெச்சீங்க” என்றாள் பின்னால் வந்த பெண். தலையில் பச்சை முக்காடு, கையில் ஸ்க்ரூ டிரைவர்.

“நான் கை வெக்கலீங்க ஷமீனா.”

“காத்தால ஸ்பேனரோட மரத்துக்குக் கீழ நின்னது யாருங்க? உங்க ஆவிங்களா?”

மூன்றாவதாக வந்த அம்மாள் காட்டன் சேலையும் ஓட்டப்பந்தயக் காலணியும் அணிந்திருந்தார். அவர் மட்டும்தான் கார்க் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

“அடி ஏதாச்சும் பட்டுச்சுங்களா அம்மிணி?”

“இல்ல மேடம்.”

“வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“அப்ப எறங்கி வாங்க. காப்பியா, டீயா?”

ஆதிரை இறங்கி, அடையாள அட்டையை நீட்டினாள். “நான் கணியிலேர்ந்து வர்றேன். சென்னைத் தலைமை அலுவலகம். விசாரணை.”

வேறு ஊர்களில் இந்த வாக்கியத்தைச் சொன்னால் வீட்டுக்கு வருமான வரிக்காரர்கள் வந்ததுபோல முகங்கள் மாறும். அந்த அம்மாளின் முகமோ மலர்ந்தது.

“அட, நம்ம கணிங்களா? வாங்க, வாங்க. ஷமீனா, அந்த நல்ல டம்ளர எடு கண்ணு.”

கணியைத் தெரியாதவர்கள் இன்றைக்கு யாரும் இல்லை. ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் ஒரு தொழில் தொடங்க நினைக்கிறீர்கள். கணியிடம் போய் யோசனையைச் சொல்கிறீர்கள். நீங்கள் எழுதிய பரீட்சைகள், வாங்கிய கடன்கள், மூன்றே நாள் போய்விட்டு நிறுத்திய உடற்பயிற்சிக்கூடம், அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் அழித்துவிட்ட செய்திகள் எல்லாவற்றையும் அது உங்கள் அனுமதியோடு படிக்கும். படித்துவிட்டு இரண்டே வரி சொல்லும். முதல் வரி, உங்கள் நிறுவனம் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும். இரண்டாவது வரி, எதனால் சாகும்.

நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முறை சொன்னபடியே நடந்தது. வங்கிகள் மகிழ்ந்தன. முதலீட்டாளர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்கள். தூங்கினார்கள். அதன்பிறகு ஊர் ஊராகப் புதிய நிறுவனங்கள் குறைந்துகொண்டே வந்தன. முடிவு தெரிந்த பயணத்துக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்? பெங்களூரின் பாதி அலுவலகங்களில் இப்போது பூப்பந்து விளையாடுகிறார்கள். சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக முதியோர் இல்லங்களாகிக்கொண்டிருந்தன.

கோயம்புத்தூரில் மட்டும் அப்படி நடக்கவில்லை.

இங்கேயும் அதே கணிதான். இங்கேயும் அதே மாதிரி இரண்டு வரிகள்தான். பதினோரு மாதம், ஒன்பது மாதம், ஏழு மாதம் என்று அது கெடு வைத்துக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் புதிய நிறுவனங்கள் முளைத்தன. முளைத்தவற்றில் பாதி, கெடு தாண்டியும் சாகாமல் இருந்தன. நாட்டிலேயே அதிகமான புதிய தொழில்கள் தொடங்கும் நகரம் என்ற பெயரைக் கோவை இரண்டு வருடமாக யாருக்கும் விட்டுத்தரவில்லை. சிறுவாணித் தண்ணீர் காரணம் என்றார் ஓர் அமைச்சர். குளிர்ந்த காற்று என்றார் இன்னொருவர். தெருவுக்கு ஒரு லேத் பட்டறை, ஊரைச் சுற்றிக் கல்லூரிகள் என்று பேராசிரியர்கள் எழுதினார்கள். அதெல்லாம் முன்னேயும் இருந்தது. அதெல்லாம் கணிக்கும் தெரியும்.

“அங்க ஏதோ திருட்டு வேலை நடக்குது. இல்லேன்னா கணியில ஏதோ தப்பு இருக்கு. ரெண்டுல எதுன்னு பார்த்துட்டு வாங்க” என்று சொல்லித்தான் நிறுவனர் ஜெரால்ட், ஆதிரையை அனுப்பியிருந்தார். கணி பேசத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அதோடு வேலை செய்தவள் அவள். அதில் தப்பு இருக்கும் என்பதை அவள் மனது ஏற்கவில்லை. ஆகவே திருட்டைத் தேடி வந்திருந்தாள்.

பட்டறைக்குள் பதினெட்டுப் பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் வரிசையாக நண்டுகள்.

“தேங்கா பறிக்கறதுங்க. இப்ப மரம் ஏற ஆளே கெடைக்கறதில்ல” என்றான் தரணீஷ். “ஆனைமலைத் தென்னை விவசாயிகள் சங்கத்துல மொத்தமா ஆர்டர் குடுத்திருக்காங்க. அடுத்த மாசம் பேங்க் லோன் வந்துருச்சுன்னா முடிச்சுக் குடுத்துருவோம்.”

ஆதிரை தன் கைத்திரையைப் பார்த்தாள். “தரணீஷ். உங்க யோசனைக்குக் கணி குடுத்த கெடு பதினோரு மாசம். காரணம், ‘நிறுவனர் எதையும் முடிக்கமாட்டார்.’ இப்ப மூணாவது வருஷம் ஓடிட்டு இருக்கு. எப்படி?”

“கணி சொன்னது சரிதானுங்க” என்றான் அவன் வருத்தமே இல்லாமல். “நான் எதையும் முடிக்க மாட்டனுங்க.”

“அஞ்சு வருசம் ஒரே போல்ட்ட முறுக்கிட்டு இருந்தானுங்க என்ற பையன்” என்றார் அந்த அம்மாள். தரணீஷின் அம்மா, பெயர் அம்சவேணி. அரசு வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். “இன்னும் கொஞ்சம் நல்லா வரோணும், இன்னும் கொஞ்சம் நல்லா வரோணும்னே சொல்லுவான். மெஷின் மரத்துல ஏறும், தேங்கா பறிக்கும், எறங்கும். இவன் திருப்பி மொதல்லேர்ந்து கழட்டுவான். அப்பத்தான் கணி வந்துச்சு. பதினோரு மாசம்னு சொல்லிருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அம்மிணி. உங்க வீட்டுல ஜாதகம் பார்ப்பாங்களா?”

ஆதிரைக்குக் கேள்வி விளங்கவில்லை. “எங்கம்மா பார்ப்பாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல.”

“எனக்கும் பெருசா இல்லீங்க. ஆனா பழக்கம் போகுமா? எனக்குச் செவ்வாய் தோஷம். கல்யாணமே ஆகாதுன்னாங்க. எங்கப்பா என்னங்க பண்ணுனார்? அதே செவ்வாய் தோஷம் இருக்கற மாப்பிள்ளையத் தேடிப் புடிச்சார். தோஷமும் தோஷமும் சேர்ந்தா கழிஞ்சு போயிரும்னு கணக்கு. முப்பத்தோரு வருசம் நாங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுட்டே நல்லா இருந்தமுங்க.” அவர் காப்பியை ஆற்றினார். “ஒருத்தர் கெடு வெச்சா, சரின்னு படுத்துக்கற பழக்கம் எங்களுக்கு இல்ல. என்ன பரிகாரம்னு கேப்போம். கணிகிட்டக் கேட்டேன். அது பேசாம இருந்துச்சு.”

“கணிகிட்ட பரிகாரம் கேட்டீங்களா?”

“மூணு தடவ.”

ஆதிரைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“சரி, நாமளே தேடுவோம்னு எங்க பேங்க் ரிடையர்டு குரூப்புல ஒரு மெசேஜ் போட்டேன். ‘பையன், வயசு முப்பத்திரெண்டு, சொந்தக் கம்பெனி, முடிக்க மாட்டான் தோஷம். அதே தோஷத்துல நல்ல கம்பெனி இருந்தா தெரிவிக்கவும்.’ உக்கடம் பிராஞ்ச்ல இருந்த ஜமால் சார் உடனே போன் பண்ணிட்டார். ‘மேடம், என் பொண்ணும் அதே கேஸுதான்’னு.”

ஷமீனா சிரித்தாள். “எங்கத்தா அன்னைக்கு அழுதாருங்க. ஆனந்தத்துல.”

அவள் செய்தது வேறு கருவி. பூமிக்கடியில் போகும் தண்ணீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்று தரையில் காது வைத்துக் கேட்டுச் சொல்லும் பெட்டி. நன்றாகவே கேட்டது. ஆனால் ஐம்பது தடவைக்கு ஒரு தடவை, தூரத்தில் போகும் ஆட்டோவின் சத்தத்தைக் கசிவு என்று நினைத்துக்கொண்டது. அந்த ஒரு தடவைக்காக ஷமீனா நான்கு வருடமாக அதை வெளியே விடவில்லை. கணி அவளுக்குக் கொடுத்தது ஒன்பது மாதம். காரணம், எழுத்துப் பிசகாமல் அதே வரி.

“பேக்கரியில வெச்சுத்தான் பார்த்தோமுங்க” என்றான் தரணீஷ். “அவங்க பெட்டியக் காட்டுனாங்க. நான் கேட்டுட்டு, இது போதுமே, நாளைக்கே வித்துரலாமேன்னேன். இவங்க அப்படியே மொறைச்சாங்க.”

“ஏன்னா அவரு நண்ட நான் பார்த்துட்டு, இதுவே சூப்பரா இருக்கே, இன்னும் எதுக்குங்க கழட்டறீங்கன்னு கேட்டேன். அவரும் மொறைச்சாரு.”

“அவ்வளவுதானுங்க” என்றார் அம்சவேணி. “தன் பொருள்ல இருக்கற ஓட்டை மலை மாதிரி தெரியும். அடுத்தவங்க பொருள்ல இருக்கற ஓட்டை கண்ணுக்கே தெரியாது. அவன் பொருள அவ முடிச்சா. அவ பொருள அவன் முடிச்சான். ஒரே கண்டிசன், யாரும் தன் பொருள்ல கை வெக்கக் கூடாது.”

ஷமீனா தரணீஷைத் திரும்பிப் பார்த்தாள். “அதான் இன்னைக்கு விழுந்துச்சு.”

“ஒரே ஒரு போல்ட்டுங்க” என்றான் அவன் மெதுவாக.

ஆதிரை கைத்திரையைக் கீழே வைத்தாள். தொழிலில் கூட்டாளி தேடுகிறவர்கள் தன்னிடம் இல்லாததை வைத்திருக்கிறவரைத் தேடுவார்கள். சோம்பேறி சுறுசுறுப்பானவரை, ஊதாரி கஞ்சனை. எல்லாப் பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே பலவீனம் உள்ள இருவர், அந்தப் பலவீனத்துக்காகவே சேர்வது என்பது உலகத்தில் எங்கும் யாரும் செய்யாத தவறு. யாரும் செய்யாததால் கணி அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காததை அது எப்படிக் கணக்குப் போடும்?

“இதை நீங்க மட்டும் செய்யறீங்களா?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்சவேணி தொண்டையைச் செருமினார்.

“அம்மிணி, ஒண்ணு நேராக் கேக்கறேன். நாங்க செஞ்சது சட்டப்படி தப்புங்களா?”

“இல்ல. கணி தனி ஆளைத்தான் எடை போட்டது. நீங்க கூட்டு சேர்ந்தது அப்புறம்.”

“நீங்க போயி ரிப்போர்ட் குடுத்தா என்ன ஆகும்?”

ஆதிரை பொய் சொல்லப் பழகாதவள். “ஒரே வாரத்துல ஜோடிகளையும் கணக்குப் போடக் கணிக்குக் கத்துக் குடுத்துருவாங்க. அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கெடு வரும். அதைப் பேங்க் பார்க்கும்.”

“கெடு கம்மியா இருந்தா?”

“லோன் வராது.”

பட்டறையில் லேத், டிரில் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பக்கத்து மேஜையில் வயர் பின்னிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றுவிட்டது. பதினெட்டுப் பேரின் சம்பளம் தன் ரிப்போர்ட்டில் தொங்குவதை ஆதிரை அப்போது உணர்ந்தாள்.

தரணீஷ் அவளுடைய கைத்திரையையே பார்த்தான். “உங்களால இப்பவே போட்டுப் பார்க்க முடியுமுங்களா? எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து?”

“கையால கொஞ்சம் மாத்தணும். முடியும்.”

“போடுங்க.”

“வேண்டாமுங்க” என்றாள் ஷமீனா.

“தெரிஞ்சுக்கறதுல என்னங்க?”

“தெரிஞ்சா நீங்க மறுபடியும் ஸ்பேனர எடுப்பீங்க. நானும் எடுப்பேன்.”

“பொருத்தம் பார்த்து முடிச்ச அப்புறம் திரும்ப ஜாதகத்தப் பிரிக்கக் கூடாது” என்றார் அம்சவேணி. அவர் குரலில் முதல் தடவையாக மேலாளர் தெரிந்தார். “கல்யாணத்துக்கும் அதான். கம்பெனிக்கும் அதான். நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நாளைக்கு ஒரு எடத்துக்கு வாங்க அம்மிணி. மறைச்சு வெச்சோம்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. பார்த்துட்டு, எழுதறத எழுதுங்க.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் இல்லை. சந்தனக் கிண்ணம் மட்டும் இருந்தது. உள்ளே முந்நூறு பேராவது இருப்பார்கள். ஆதிரை கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

ஒவ்வொருவரும் சட்டையிலோ துப்பட்டாவிலோ ஒரு சீட்டைக் குத்தியிருந்தார்கள். சீட்டில் இருந்தது பெயர் இல்லை. கணியின் இரண்டாவது வரி. மற்ற ஊர்களில் மனைவியிடம்கூடக் காட்டாமல் ஒளித்து வைக்கும் வரி அது. இங்கே அதைக் குத்திக்கொண்டு வந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

‘கணக்குப் பார்க்கமாட்டார்.’ ‘எல்லோரையும் நம்புவார்.’ ‘சொன்ன விலையைத் தானே குறைத்துவிடுவார்.’ ‘பாதியில் வேறு யோசனைக்குத் தாவுவார்.’

“தாவறவங்க ரெண்டு பேரச் சேர்த்து வெச்சா என்ன மேடம் ஆகும்?” என்று கேட்டாள் ஆதிரை.

“அவன் இவன் யோசனைக்குத் தாவுவான். இவன் அவன் யோசனைக்குத் தாவுவான். கம்பெனியவிட்டு வெளிய தாவ மாட்டாங்க.”

“எல்லாரையும் நம்பறவங்க?”

“தன்னை ஏமாத்துனாத் தெரியாது அம்மிணி. பக்கத்துல இருக்கற பச்சப்புள்ளைய ஒருத்தன் ஏமாத்துனா உடனே தெரியும். பாய்ஞ்சுருவாங்க.”

“கோபக்காரங்க?”

“அதுக்கு மட்டும் சேர்க்கறதில்லீங்க. போன வருசம் சேர்த்துப் பார்த்தோம். ரெண்டு நாற்காலி போச்சு.”

“எல்லாமே பொருந்திடுதா?”

“அது எப்புடிங்க? பத்துக்கு நாலு பிரிஞ்சு போகும். நட்டப்பட்டு, அழுதுட்டுப் போவாங்க. அடுத்த மாசம் மறுபடி வருவாங்க. ரெண்டாந்தாரம் ஒண்ணும் தப்பில்லீங்களே.” அம்சவேணி கூட்டத்தில் யாரையோ பார்த்துக் கையசைத்துவிட்டு நகர்ந்தார். “நீங்க சாப்பிடுங்க. அந்தச் செலவாளிப் பசங்க அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் வெளியூர்ல மண்டபம் பார்க்கலாம்னு பேசறாங்க, பார்த்துட்டு வந்தர்றேன்.”

கடைசி வரிசையில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று நாற்காலிகள் காலி. மடியில் யாருடையதோ ஒரு கருவியைப் பிரித்து வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். சட்டையில், ‘யாரோடும் சேர்ந்து வேலை செய்யமாட்டார்.’

ஆதிரை ஒரு நாற்காலி விட்டு அமர்ந்தாள். அவர் பெயர் ஞானசுந்தர்.

“நீங்க எதுக்கு சார் இங்க வர்றீங்க?” கேட்ட பிறகுதான் கேள்வி முரட்டுத்தனமாக இருப்பது அவளுக்கே தெரிந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “வரலைன்னா போன் பண்ணிக் கொல்றாங்க.”

“ஜோடி கெடைக்குமா?”

“எனக்கா? எப்புடிங்க கெடைக்கும். இதே தோஷம் இருக்கறவன் இந்த மண்டபத்துப் பக்கமே வர மாட்டான். வந்தாலும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம்.” அவர் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு ஒரு திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்தார். ஆதிரை எழுந்துவிடலாமா என்று யோசித்தபோது மறுபடி பேசினார்.

“நீங்க கணியில இருந்து வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க. உங்க மேல வருத்தமில்லீங்க. கணி சொன்னது நெசம். எங்கம்மா சொன்னதும் அதான், என்னைய விட்டுட்டுப் போனவளும் அதத்தான் சொன்னா. ஆனா பாருங்க, நெசத்தச் சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. நான் வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு உக்காந்துட்டேன். ரெண்டு வருசம். அப்புறம் இந்தம்மா வந்து கதவத் தட்டுனாங்க. ‘உங்களுக்குப் பொருத்தம் கெடையாதுங்க ஞானம், ஆனா ஞாயித்துக்கெழம டிபன் இருக்குது, வாங்க’ன்னாங்க.”

“இது யாரோட கருவி?”

“தெரியலீங்க. யாரோ மடியில வெச்சுட்டுப் போனாங்க. தனியாத்தான் செய்வேன்னு தெரியும், அதனால பேசாம வெச்சுட்டுப் போயிருவாங்க. சரி பண்ணிட்டு நானும் பேசாம வெச்சுட்டுப் போயிருவேன்.”

அவர் திருகாணியைப் பொருத்தினார். கருவியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஆதிரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை லட்சம் பேருக்குக் கணி இரண்டாவது வரி சொல்லியிருக்கிறது என்ற எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடம். அந்த எண்ணிக்கையை மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். அதில் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையை அவர்கள் எடுத்ததே இல்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

திங்கட்கிழமை காலை, சரி செய்த காரோடு அவள் மறுபடியும் பட்டறைக்குப் போனாள். மூடியில் இருந்த பள்ளத்தைப் பக்கத்துப் பட்டறைக்காரர் தட்டி நிமிர்த்தி, கேட்காமலேயே பாலிஷும் போட்டிருந்தார். யாரும் ரிப்போர்ட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. ஷமீனா இட்லி டப்பாவை நீட்டினாள். தரணீஷ் பெட்டியொன்றைக் குழாய் மேல் வைத்துக் காதைக் கொடுத்திருந்தான். நண்டுகளின் பக்கம் திரும்பக் கூடாது என்பதற்காகவே அவனுடைய நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

“சென்னைக்குப் போன் பண்ணப் போறேன்” என்றாள் ஆதிரை. “இங்கேருந்தே பண்றேன். நான் என்ன சொல்றேன்னு நீங்களும் கேட்கணும்.”

அம்சவேணி தலையசைத்தார். பட்டறைக்காரர்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஆதிரை போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஜெரால்ட் முதல் மணியிலேயே எடுத்தார். ஆதிரை எல்லாவற்றையும் சொன்னாள். ஜாதகம், தோஷம், பேக்கரி, கல்யாண மண்டபம், சட்டையில் குத்திய சீட்டுகள். எதையும் மறைக்கவில்லை. திருட்டு இல்லை என்றாள். கணியின் கணக்கிலும் தப்பு இல்லை, அது பார்க்காத ஒன்றை இந்த ஊர் செய்கிறது என்றாள்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். சொல்லுங்க.”

“ஒரு வேண்டுகோள் சார். இந்த ஜோடிக் கணக்கைக் கணிக்குக் கத்துக் குடுக்க வேண்டாம். குடுத்தா இவங்களுக்கும் கெடு வரும். கெடு வந்தா இங்கயும் எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. இந்த ஒரு ஊராவது இருக்கட்டும் சார். நீங்க முடியாதுன்னா, ரிப்போர்ட்டை வேற யாராவதுதான் எழுதணும். நான் எழுதமாட்டேன். வேலையை விட்டுடறேன்.”

பட்டறையில் ஒரு மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வயர் பின்னும் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தரணீஷ் தன்னையறியாமல் ஒரு ஸ்பேனரை எடுத்திருந்தான். ஷமீனா அதை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தாள்.

“கத்துக் குடுக்கல” என்றார் ஜெரால்ட்.

“சார்?”

“கத்துக் குடுக்க மாட்டோம்னேன். அது முடிஞ்சுது. அந்த அம்மா... அவங்க பேரு என்ன சொன்னீங்க?”

“அம்சவேணி.”

“அவங்க எந்த தோஷமா இருந்தாலும் ஜோடி தேடித் தருவாங்களா? சின்னக் கம்பெனிக்கு மட்டும்தானா, இல்ல கொஞ்சம் பெரிய கம்பெனியா இருந்தாலும் பார்ப்பாங்களா?”

“ஏன் சார் கேக்கறீங்க?”

ஜெரால்ட் பெருமூச்சு விட்டது ஒலிபெருக்கி வழியாகப் பட்டறை முழுவதும் கேட்டது. அவளைத் தவிர இன்னும் இருபத்தோரு பேர் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அவர் கவலைப்பட்டிருக்கமாட்டார்.

“போன மாசம் நம்ம கம்பெனியையே கணிகிட்டப் போட்டுப் பார்த்தேன் ஆதிரை, பதினாறு மாசம்தான் குடுத்திருக்கு, ‘கணியிடம் வந்து கேட்க ஆள் இருக்காது’ன்னு காரணம் சொல்லுது, அதே தோஷத்துல அங்க யாராவது இருக்காங்களான்னு அந்த அம்மாகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”